கணினிக்குச் சொல் கற்பித்த அம்மையார்

கணினி என்றால் ஆங்கிலம், ஆங்கிலம் வராதவனுக்குக் கணினி எட்டாக்கனி என்று ஓர் எண்ணம் நம் தோட்டப்புறங்களில் வெகுநாளாக வேரோடிக் கிடக்கிறது. தமிழ்ப்பள்ளியில் படித்த பிள்ளை கம்ப்யூட்டர் படிப்பில் தேறுமா என்று கவலைப்படும் பெற்றோர் சிரம்பானிலும் உண்டு, பகாவிலும் உண்டு, லிங்கி, ரந்தாவ் பக்கங்களிலும் உண்டு. மாணவமணிகளே, உங்களுக்கு ஒரு செய்தி. கணினிக்கு ஆங்கிலமும் தெரியாது! மின்சாரம் ஓடுகிறதா, ஓடவில்லையா என்ற இரண்டு நிலைதான் அதற்குத் தெரியும். அதை ஒன்று, சுழியம் என்று நாம் எழுதிக்கொள்கிறோம். மனிதன் எழுதும் சொல்லை அந்த ஒன்று சுழியங்களாக மாற்றித் தருவதற்கு நடுவில் ஓர் ஆள் வேண்டும். அந்த நடு ஆளை உருவாக்கியவர்களுள் முதல் வரிசையில் நிற்பவர் ஒரு பெண்மணி. அவர்தாம் கிரேஸ் ஹாப்பர் அம்மையார்.

நடு ஆள் என்றால் என்ன என்று நம் பெரியவர்களுக்கு விளக்க வேண்டியதே இல்லை. அந்தக் காலத்துத் தோட்டத்தில் துரை ஆங்கிலத்தில் ஒரு வரி சொல்லுவார். விடியற்காலையில் பிரட்டில் வந்து நிற்கும் பால்வெட்டுத் தொழிலாளிக்கு அது புரியாது. கிராணி அந்த ஒரு வரியைப் பிரித்து, எந்த ஆளுக்கு எந்த நிரை, எத்தனை மரம் என்று எழுதி வைப்பார். மண்டோர் பெயர் சொல்லிக் கூப்பிட்டு வேலை கொடுப்பார். துரைக்கு ஒவ்வொரு நிரையும் தெரிய வேண்டியதில்லை. தொழிலாளிக்குத் துரையின் மொழி தெரிய வேண்டியதில்லை. கணினிக்குள்ளே இந்தக் கிராணி வேலையைச் செய்யும் நிரலுக்குத்தான் தொகுப்பி என்று பெயர். ஆங்கிலத்தில் கம்பைலர் என்பார்கள். இனி அம்மையாரின் வரலாற்றுக்கு வருவோம்.

1906-ஆம் ஆண்டு டிசம்பர் 9-ஆம் நாள் நியூயார்க் நகரில் கிரேஸ் பிறந்தார். மூன்று பிள்ளைகளில் மூத்தவர். தந்தையார் காப்புறுதித் தரகர். தாயாருக்குக் கணிதத்தில், அதிலும் வடிவக்கணிதத்தில், தனி ஆசை. தந்தையாருக்கு நோயினால் இரு கால்களையும் எடுத்துவிட நேர்ந்தது. தமக்கு ஏதாவது ஆகிவிட்டால் பெண்பிள்ளைகள் யார் தயவிலும் நிற்கக்கூடாது என்று, மகனுக்குக் கொடுத்த அதே படிப்பை மகள்களுக்கும் கொடுத்தார். அந்தக் காலத்து அமெரிக்காவில் இது லேசுப்பட்ட காரியமா?

ஏழு வயதில் கிரேஸ் செய்த குறும்பு ஒன்று உண்டு. அலாரம் கடிகாரம் எப்படி மணியடிக்கிறது என்று பார்க்க ஒன்றைக் கழற்றினார். திரும்ப மாட்டத் தெரியவில்லை. சரி, இன்னொன்றைப் பார்த்தால் தெரியும் என்று அதையும் கழற்றினார். இப்படியே வீட்டிலிருந்த ஏழு கடிகாரங்களும் துண்டு துண்டாகிவிட்டன! தாயார் அடிக்கவில்லை. இனிமேல் ஒரே ஒரு கடிகாரத்தை மட்டும் கழற்றலாம் என்று கட்டளை போட்டார். நம் வீடுகளில் என்ன நடந்திருக்கும் என்று சொல்லவா வேண்டும், ரோத்தான்தான் பேசியிருக்கும்.

பெரிய படிப்பில் நுழையும்போது முதலில் சறுக்கல்தான். வாசர் மகளிர் கல்லூரியின் நுழைவுத் தேர்வில் இலத்தீன் பாடத்தில் தோல்வி. ஓராண்டு காத்திருந்து மறுபடி எழுதி 17-ஆம் வயதில் சேர்ந்தார். 1928-இல் கணிதம், இயற்பியல் இரண்டிலும் பட்டம். 1930-இல் யேல் பல்கலைக்கழகத்தில் முதுகலை. அதே ஆண்டில் வின்சென்ட் ஹாப்பர் என்பவரை மணந்தார். 1934-இல் யேலிலேயே கணிதத்தில் முனைவர் பட்டம் பெற்றார். வாசர் கல்லூரியிலேயே ஆசிரியையாகி இணைப் பேராசிரியை நிலைவரை உயர்ந்தார். 1945-இல் மணவாழ்க்கை முறிந்தது, பிள்ளைகள் இல்லை. ஆனாலும் ஹாப்பர் என்ற பெயரை அவர் கடைசிவரை விடவில்லை.

இரண்டாம் உலகப் போர் வந்தது. அம்மையாரின் முன்னோரில் ஒருவர் கடற்படைத் தளபதி. தாமும் கடற்படையில் சேர வேண்டும் என்று துடித்தார். வயது அதிகம் என்றார்கள். எடையோ 105 பவுண்டு. சட்டப்படி 120 பவுண்டு இருக்க வேண்டும். கல்லூரியில் கணிதம் சொல்லித்தருவதே நாட்டுக்குச் செய்யும் சேவை என்று வேறு சொல்லிப் பார்த்தார்கள். விட்டாரா? சிறப்பு அனுமதி வாங்கிக்கொண்டு 1943 டிசம்பரில் மகளிர் கடற்படைப் பிரிவில் சேர்ந்துவிட்டார். அந்த நேரத்தில்தான் இங்கே நம் தோட்டங்களிலிருந்து ஆட்களை லாரியிலும் இரயிலிலும் ஏற்றிச் சயாம் மரண இரயில் பாதைக்கு அனுப்பிக்கொண்டிருந்தார்கள் ஜப்பானியர்கள். ஒரே போர்தான், இரண்டு மூலைகளில் இரண்டு விதமாக மனிதர்களை வேலை வாங்கியது.

பயிற்சிப் பள்ளியில் முதல் மாணவியாகத் தேறிய அம்மையாரை 1944 ஜூலையில் ஹார்வர்டு பல்கலைக்கழகத்துக்கு அனுப்பினார்கள். அங்கே ஹவர்ட் ஐக்கன் என்ற பேராசிரியரின் மேற்பார்வையில் மார்க் 1 என்ற இராட்சதக் கணிப்பொறி இருந்தது. 51 அடி நீளம், 8 அடி உயரம், ஏறக்குறைய 5 டன் எடை. ஒரு லயத்தில் மூன்று நான்கு வீட்டை அடைத்துக்கொள்ளும் நீளம்! இத்தனை பெரிய உடம்பை வைத்துக்கொண்டு வினாடிக்கு மூன்று கூட்டல் போடும். ஒரு பெருக்கலுக்கு ஆறு வினாடி பிடிக்கும். இன்று உங்கள் அப்பா சட்டைப்பையில் வைத்திருக்கும் கைப்பேசி, அதே ஒரு வினாடியில் கோடிக்கணக்கான கணக்குகளைப் போட்டுவிடுகிறது. ஆனால் 1944-இல் மார்க் 1 ஓர் அதிசயம். காகித நாடாவில் துளைபோட்டு அதற்குக் கட்டளை கொடுக்க வேண்டும். எந்தத் துளை எந்த இடத்தில் என்று எண்களாலேயே சிந்திக்க வேண்டும். ஒரு துளை தவறினாலும் கணக்கு முழுக்க நாசம்.

அம்மையாருக்கு முன்பின் தெரியாத இயந்திரம் அது. வந்தவுடனேயே ஒரு வாரத் தவணையில் ஒரு கணக்கை அவர் தலையில் கட்டினார் ஐக்கன். அன்றிலிருந்து இரவு பகல் பாராத வேலை. அதே 1944-இல் வான் நியூமன் என்ற கணித மேதை ஒரு கணக்கைக் கொண்டுவந்தார். எதற்காக என்று அங்கிருந்தவர்களுக்குச் சொல்லவில்லை. அணுகுண்டை வெடிக்கச் செய்யும் முறைக்கான கணக்கு அது என்பது பிற்பாடுதான் தெரிய வந்தது. 1946-இல் மார்க் 1 இயந்திரத்துக்கு 500 பக்கங்களுக்கு மேற்பட்ட கையேடு ஒன்று வெளிவந்தது. அதில் பெரும்பங்கு எழுதியவர் அம்மையார்தாம்.

பூச்சிக் கதையை இங்கே சொல்லாமல் போனால் மாணவர்கள் என்னை விடமாட்டார்கள். 1947 செப்டம்பர் 9-ஆம் நாள் மார்க் 2 கணிப்பொறி மக்கர் பண்ணியது. திறந்து பார்த்தால் ஒரு விசைக்குள் அந்துப்பூச்சி ஒன்று சிக்கிச் செத்துக் கிடந்தது. அதை எடுத்துக் குறிப்பேட்டில் பசைநாடாவால் ஒட்டி வைத்தார்கள். அந்த ஏடு இன்றும் வாஷிங்டன் அருங்காட்சியகச் சேகரிப்பில் இருக்கிறது. நிரலில் உள்ள தவற்றைப் பூச்சி என்று சொல்லும் வழக்கம் இதனால்தான் வந்தது என்பார்கள். அது சரியல்ல, அந்தச் சொல் பொறியாளர்களிடையே அதற்கு முன்பே உண்டு. பூச்சியைப் பிடித்தவரும் அம்மையார் அல்லர். பின்னாளில் மேடைக்கு மேடை அந்தக் கதையைச் சுவையாகச் சொல்லி உலகறியச் செய்தது மட்டும் அவர்தாம்.

1949-இல் ஹார்வர்டை விட்டு, எக்கர்ட், மாக்லி என்ற இருவர் பிலடெல்பியா நகரில் நடத்திய கணிப்பொறி நிறுவனத்தில் சேர்ந்தார். மறு ஆண்டே அதை ரெமிங்டன் ராண்ட் நிறுவனம் வாங்கிவிட்டது. யூனிவாக் என்ற கணிப்பொறி அங்கேதான் உருவானது. அம்மையாரின் வாழ்க்கையில் பெரிய திருப்பமும் அங்கேதான்.

முதலில் ஒரு வேடிக்கை. அங்கிருந்த ஓர் இயந்திரம் பத்தடிமானத்தில் எண்ணாது, எட்டடிமானத்தில்தான் எண்ணும். ஏழுக்குப் பிறகு எட்டு கிடையாது, நேரே பத்துதான். அம்மையாரும் அதோடு பழகிப் பழகி எட்டடிமானத்திலேயே கூட்டக் கழிக்கத் தேர்ந்துவிட்டார். மாதக்கடைசியில் வங்கிக் கணக்குப் பார்த்தால் இடிக்கிறது. எத்தனை முறை பார்த்தும் சரிவரவில்லை. தம்பி வங்கியில் வேலை செய்பவர். அவர் சில இரவுகள் உட்கார்ந்து குடைந்து கண்டுபிடித்தார்: அக்காள் நடுநடுவே எட்டடிமானத்தில் கழித்திருக்கிறார்! கணிதத்தில் முனைவர் பட்டம் வாங்கியவருக்கே இந்தக் கதி. மனிதன் இயந்திரத்தின் மொழிக்கு இறங்கிப் போவதைவிட, இயந்திரம் மனிதனின் மொழிக்கு ஏறி வரட்டுமே என்ற எண்ணம் அவருக்கு வலுப்பட்டதில் வியப்பில்லை.

அடுத்தது விளையாட்டுக் காரியமல்ல. ஒரு கணக்கைச் செய்து முடித்த நிரல் பகுதிகளை ஒவ்வொருவரும் நோட்டுப் புத்தகத்தில் எழுதி வைத்திருப்பார்கள். வேறொருவருக்கு அதே கணக்கு வந்தால் அந்த நோட்டை வாங்கிப் பார்த்து எழுதிக்கொள்வார். பார்த்து எழுதுவதுதானே, அதில் என்ன வந்துவிடப் போகிறது என்கிறீர்களா? நான்கு என்ற எண் முக்கோணக் குறியாக மாறிவிடும். ஆங்கில எழுத்து பி, பதின்மூன்றாகிவிடும். பகுதிகளை ஒன்றோடொன்று சேர்க்கும்போது முகவரி எண்களை எல்லாம் மாற்றிக் கூட்டி எழுத வேண்டும்; கூட்டுவதிலும் பிழை வரும். படித்த பெரிய கணிதவாணர்கள் நாள்கணக்கில் உட்கார்ந்து இந்த எழுத்துப் பிழைகளைத் தேடிக்கொண்டிருந்தார்கள். செக்ரோல் எழுதும் கிராணி ஒரு பெயரை ஒரு கட்டம் தள்ளி எழுதிவிட்டால் சம்பள நாளில் என்ன கூத்து நடக்கும்? அதைப்போல ஆயிரம் மடங்கு.

பார்த்து எழுதுவது, முகவரியைக் கூட்டுவது, இந்த இரண்டும் மனிதனுக்கு ஒத்துவராத வேலை. ஆனால் கணிப்பொறிக்கு அதுதான் கைவந்த வேலை. அப்படியானால் அதையே செய்யச் சொன்னால் என்ன? அம்மையாரின் மூளையில் உதித்த எண்ணம் இவ்வளவுதான். நோட்டிலிருந்த துணைநிரல்களை எல்லாம் காந்த நாடாவில் ஏற்றினார். ஒவ்வொன்றுக்கும் ஓர் அழைப்புக் குறி கொடுத்தார். மனிதன் அந்தக் குறிகளை வரிசையாக எழுதிக் கொடுத்தால் போதும். இயந்திரமே நாடாவில் தேடி, எடுத்து, முகவரியைச் சரிசெய்து, அடுக்கி, முழு நிரலாக்கித் தந்துவிடும். சிதறிக் கிடப்பதைத் தொகுப்பதால் தொகுப்பி என்று பெயர் வைத்தார். 1951 அக்டோபரில் தொடங்கி 1952 மே மாதத்துக்குள் அதை ஓடவிட்டார். ஏ-0 என்பது அதன் பெயர். கணிப்பொறிக்குக் கல்வி புகட்டுவது பற்றி அந்த மே மாதத்திலேயே ஒரு மாநாட்டில் கட்டுரையும் படித்தார்.

அதில் ஓர் இடத்தில் அவருக்குக் கைகொடுத்தது கூடைப்பந்து! நிரல் சில நேரம் முன்னால் ஓர் இடத்துக்குத் தாவ வேண்டிவரும். அந்த இடம் எது என்று தொகுப்பிக்கு இன்னும் தெரியாது. அம்மையார் கல்லூரி நாளில் பெண்கள் கூடைப்பந்து ஆடியவர். அன்றைய விதிப்படி பந்தை வைத்துக்கொண்டு ஓட முடியாது. தோழியிடம் எறிந்துவிட்டு முன்னால் ஓடிப்போய்த் திரும்ப வாங்கிக்கொள்ள வேண்டும். நம் வலைப்பந்து வீராங்கனைகளுக்கு இது சொல்லாமலே விளங்கும். அதேபோல நினைவகத்தின் ஒரு மூலையில் ஒரு சின்ன இடத்தை ஒதுக்கி, தாவலை முதலில் அங்கே எறிந்து வைத்தார். போக வேண்டிய இடம் தெரிந்தவுடன் அங்கிருந்து முன்னே எறிந்துகொள்ளலாம். திடலில் ஆடியது திரும்பிவந்து உதவியது.

நேர்மையாக ஒன்று சொல்லவேண்டும். இன்று நாம் தொகுப்பி என்று சொல்வதற்கு ஏ-0 முழுதும் ஈடாகாது. துணைநிரல்களைக் கோத்துக் கொடுக்கும் கருவி என்றே அறிஞர்கள் சிலர் அதைச் சொல்கிறார்கள். அதே 1952-இல் இங்கிலாந்தின் மான்செஸ்டரிலும் ஒருவர் தனியாக ஒரு தொகுப்பியை எழுதினார். ஐ.பி.எம். நிறுவனத்தின் ஜான் பேக்கஸ் குழுவினர் 1957-இல் ஃபோர்ட்ரான் மொழியைத் தந்தனர். முதலாவது யார் என்ற வழக்கு இன்னும் தீரவில்லை. ஆனால் கணிப்பொறி தனக்கான நிரலைத் தானே எழுதும் என்று மேடையேறிச் சொன்னபோது ஊரே சிரித்தது அம்மையாரைப் பார்த்துத்தான். கணக்குப் போடத்தான் அதற்குத் தெரியும், நிரல் எழுத அதற்கு ஏது அறிவு என்றார்கள். ஓடிக்கொண்டிருக்கும் தொகுப்பி கையில் இருந்தும் இரண்டு வருடம்வரை தொட ஆளில்லை.

இனித்தான் கதையின் முக்கியமான கட்டம். வணிக நிறுவனங்களும் கணிப்பொறி வாங்கத் தொடங்கின. சம்பளப் பட்டியல், சரக்குக் கணக்கு, காப்புறுதித் தவணை, இவைதான் அவர்களுக்கு வேண்டும். அந்த அலுவலகக்காரர்களுக்குக் கணிதக் குறிகளைப் பார்த்தாலே தலைசுற்றும். எக்ஸ், ஒய் என்று எழுதச் சொல்லாதே. சரக்கைப் படி, விலையோடு பெருக்கு, தொகையை எழுது என்று சாதாரணச் சொற்களில் எழுதவிடு என்றார் அம்மையார். நிர்வாகம் மறுத்துவிட்டது. கணிப்பொறிக்கு ஆங்கிலம் புரியாது என்பது அவர்கள் சொன்ன காரணம். பார்த்தீர்களா, அன்றைக்கு ஆங்கிலத்துக்கே இடம் இல்லை!

அம்மையார் மலைக்கவில்லை. சொல் என்பது கணிப்பொறிக்கு வெறும் குறித்தொடர். ஒரு குறித்தொடரைக் கண்டால் இந்த வேலையைச் செய் என்று தொகுப்பியில் எழுதிவிட்டால் முடிந்தது. சிறியதாய் ஒன்றைச் செய்து ஓட்டிக் காட்டிவிட முடிவு செய்தார். 1955 ஜனவரியில், ஆங்கிலச் சொற்களால் எழுதிய ஒரு குட்டி நிரல் ஓடியது. மேலிடத்துக்கு விஷயம் நன்றாக உறைக்கட்டும் என்று, அதே நிரலில் ஆங்கிலச் சொற்களை எடுத்துவிட்டுப் பிரெஞ்சுச் சொற்களைப் போட்டார். அதுவும் ஓடியது. பிறகு ஜெர்மன் சொற்கள். அதுவும் ஓடியது. தொகுப்பியின் சொல் பட்டியலில் சில சொற்களை மாற்றியதுதான் வேலை. இயந்திரத்துக்கு மூன்றும் ஒன்றே.

பாராட்டு வரும் என்று பார்த்தால் வந்தது கலவரம். பிலடெல்பியாவில் செய்த மானமுள்ள அமெரிக்கக் கணிப்பொறி பிரெஞ்சிலும் ஜெர்மனிலும் பேசுவதாவது என்று மேலாளர்கள் அதிர்ந்துபோனார்கள். போர் முடிந்து பத்தாண்டுகூட ஆகவில்லை. ஜெர்மன் எதிரியின் மொழி. ஆங்கிலத்தைத் தவிர வேறு மொழியில் எழுதும் எண்ணமே எங்களுக்கு இல்லை என்று அவர்களுக்குச் சமாதானம் சொல்லி நம்பவைக்க அம்மையாருக்கு மேலும் நான்கு மாதம் பிடித்தது. இந்த நிகழ்ச்சியைப் பின்னாளில் அவர் சிரித்துக்கொண்டே சொல்லுவார். எனக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. கதவு ஒரு கணம் எல்லா மொழிக்கும் திறந்தது. இயந்திரம் மறுக்கவில்லை. வாசலில் நின்ற மனிதர்கள்தாம் சாத்தினார்கள். பிரெஞ்சும் ஜெர்மனும் ஐரோப்பாவின் பெருமொழிகள், அரசும் படையும் உடைய மொழிகள். அவற்றுக்கே அந்தக் கதி என்றால் நம் மொழியை அன்று யார் நினைத்திருக்கப் போகிறார்கள்? 1955-இல் இங்கே அவசரகாலம். பல தோட்டங்களில் லயத்தைச் சுற்றி முள்வேலி. நாடு இன்னும் விடுதலை பெறவில்லை. அங்கே சாத்திய கதவின் சத்தம்கூட நமக்குக் கேட்டிருக்காது.

ஆங்கிலச் சொற்களோடு அந்த மொழி ஃபுளோ-மேட்டிக் என்ற பெயரில் வெளிவந்தது. அதற்குள் ஆளுக்கொரு கணிப்பொறி, ஆளுக்கொரு மொழி என்று நாடு குழம்பிக் கிடந்தது. 1959 மே மாதம் அமெரிக்கப் பாதுகாப்புத் துறையின் ஆதரவில் அரசாங்கத்தாரும் நிறுவனத்தாரும் கூடி, எல்லா இயந்திரத்துக்கும் பொதுவாக ஒரு வணிக மொழி வேண்டும் என்று முடிவு செய்தனர். அப்படிப் பிறந்ததுதான் கோபால். நம் ஊர்க் கோபால் அண்ணன் இல்லை. ஒரு நீளமான ஆங்கிலப் பெயரின் சுருக்கம்! ஜீன் சாமெட் அம்மையார் உள்ளிட்ட பலர் குழுவாக இருந்து அதை எழுதினார்கள். ஹாப்பர் அம்மையார் ஆலோசகர். ஃபுளோ-மேட்டிக் அதற்கு முக்கிய அடிப்படை. 1960 டிசம்பரில் ஒரே கோபால் நிரலை, இரண்டு போட்டி நிறுவனங்களின் இரண்டு வேறு கணிப்பொறிகளில் ஓட்டிக் காட்டினார்கள். இயந்திரம் மாறினால் நிரலையும் புதிதாக எழுத வேண்டும் என்றிருந்த நிலை அன்று மாறத் தொடங்கியது.

கடற்படைக் கதையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். 1966 கடைசியில் வயதாகிவிட்டதென்று அவருக்கு ஓய்வு கொடுத்தார்கள். ஏழு மாதம் போனதும் திரும்ப அழைத்தார்கள். கடற்படையின் கோபால் மொழிகள் ஆளுக்கொரு விதமாகப் போய்க்கொண்டிருந்தன. ஆறே மாதம் என்று கூப்பிட்டது பத்தொன்பது ஆண்டு நீண்டது. எந்தத் தொகுப்பி விதிப்படி நடக்கிறது, எது ஏமாற்றுகிறது என்று சோதிக்கும் நிரல்களை அவர் குழுவினர் எழுதினர். தொகுப்பிக்கே பரீட்சை வைத்தார்கள் என்று சொல்லலாம். ரியர் அட்மிரல் என்ற உயர்ந்த பதவி பெற்று, 1986 ஆகஸ்டில், 79-ஆம் வயதில் ஓய்வு பெற்றார். அப்போது பணியிலிருந்த கடற்படை அதிகாரிகளில் அவர்தாம் மூத்தவர். வீட்டில் சும்மா இருந்தாரா என்றால் அதுவும் இல்லை; டிஜிட்டல் எக்விப்மென்ட் என்ற கணினி நிறுவனத்தில் ஆலோசகராகச் சேர்ந்துவிட்டார்.

அவர் பிறவி ஆசிரியர். ஒரு வினாடியை நூறு கோடி பங்காக்கினால் ஒரு பங்குக்கு நானோ வினாடி என்று பெயர். சொன்னால் யாருக்குப் புரியும்? அம்மையார் ஏறத்தாழ 30 சென்டிமீட்டர் நீளத்துக்குக் கம்பியைத் துண்டு துண்டாக வெட்டிக் கூட்டத்தில் ஆளுக்கொன்று கொடுப்பார். அந்த நேரத்தில் ஒளியோ மின்சாரமோ அதற்குமேல் ஓட முடியாது, அதுதான் நானோ வினாடி, கையிலே பிடித்துப் பாருங்கள் என்பது பாடம். அதன் ஆயிரம் மடங்கைக் காட்ட 984 அடிக் கம்பிச் சுருளைத் தூக்கிக்கொண்டு வருவார். நம் பள்ளி அடிக்கோல் ஒன்றை எடுத்துப் பாருங்கள். ஏறக்குறைய ஒரு நானோ வினாடி உங்கள் கையில் இருக்கிறது. அவர் அலுவலகச் சுவரில் இடவலமாக, அதாவது எதிர்த்திசையில் ஓடும் கடிகாரம் ஒன்று மாட்டியிருந்தது. மணி சரியாகத்தான் காட்டும். வழக்கமாக இப்படித்தான் செய்கிறோம் என்று சொல்லிக்கொண்டு வருபவர்களுக்காக அது.

1992 ஜனவரி முதல் நாள் அம்மையார் காலமானார். ஆர்லிங்டன் படைவீரர் கல்லறையில் அடக்கம் செய்தார்கள். 1997-இல் பணிக்கு வந்த போர்க்கப்பல் ஒன்றுக்கு ஹாப்பர் என்று பெயர். 2016-இல் அமெரிக்காவின் உயரிய குடிமக்கள் விருது மறைவுக்குப் பின் வழங்கப்பட்டது. மறு ஆண்டு யேல் பல்கலைக்கழகம் தன் கல்லூரி ஒன்றுக்கு அவர் பெயரைச் சூட்டியது. கோபால் மொழியோ சாகவில்லை. 2020-இல் கொரோனா நோய் பரவி வேலையிழந்தோர் உதவிப் பணத்துக்கு முண்டியடித்தபோது, நியூ ஜெர்சி மாநில ஆளுநர் பழைய கணினி அமைப்பைச் சமாளிக்கக் கோபால் தெரிந்தவர்கள் வேண்டும் என்று வெளிப்படையாகக் கேட்டுக்கொண்டார்.

அவர் வளர்த்த தொகுப்பிப் பிள்ளை இன்று எப்படி இருக்கிறது? கோபால் காலத்தில் நிரலை அட்டையில் துளைத்துக் கொடுத்துவிட்டு மணிக்கணக்கில், சில இடங்களில் மறுநாள்வரை, காத்திருக்க வேண்டும். ஒரு முற்றுப்புள்ளி விட்டுப்போனால் பக்கம் பக்கமாகப் பிழைப்பட்டியல் வரும். உண்மையான பிழை எங்கே என்று அதில் தேட வேண்டும். எழுதுகிற திரையும் தொகுப்பியும் அன்று வேறு வேறு. இப்போது எடிட்டர் என்னும் எழுதுதிரைக்குப் பின்னாலேயே தொகுப்பி உட்கார்ந்திருக்கிறது. நீங்கள் தட்டச்சு செய்யச் செய்யத் தவற்றின் அடியில் சிவப்புக் கோடு போடும். 2016-இல் மைக்ரோசாஃப்ட் நிறுவனம் இதற்கென ஒரு பொது விதிமுறையை வெளியிட்டது. ஒரு மொழிக்காக ஒருமுறை செய்த இந்த உதவியை எந்த எடிட்டரிலும் பயன்படுத்த அது வழி செய்தது. நம் பிள்ளைகள் பலர் கற்கும் பைத்தான் மொழியையே பாருங்கள். முன்பெல்லாம் ஓர் அடைப்புக்குறியை மூட மறந்தால் அடுத்த வரியில் தவறு என்று எங்கோ கையைக் காட்டும். 2021-இல் வந்த 3.10 பதிப்பு, திறந்த குறியை நேராகச் சுட்டி இது மூடப்படவில்லை என்கிறது. பெயரைத் தப்பாக அடித்தால், நீ நினைத்தது இதுவா என்று சரியான பெயரைக் காட்டிக் கேட்கிறது. கட்டுரை ஏட்டில் மொத்தமாகச் சிவப்புக் கோடு கிழித்துத் தள்ளுகிற வாத்தியாருக்கும், ஒற்று மிகும் இடத்தைச் சுட்டிக்காட்டுகிற வாத்தியாருக்கும் உள்ள வேற்றுமை இது. ஆனால் அந்த அறிவுரை பெரும்பாலும் ஆங்கிலத்தில்தான் வருகிறது என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

1955-இல் சாத்திய கதவு மெல்ல மெல்லத் திறந்துகொண்டுதான் வருகிறது. நம் மலேசியாவைச் சேர்ந்த முத்து நெடுமாறன் 1985-இல் முரசு என்ற தமிழ்ச் செயலியைத் தொடங்கினார். 1991 அக்டோபரில், அம்மையார் மறைவதற்குச் சில வாரங்களுக்கு முன், யூனிகோட் என்ற உலகப் பொது எழுத்துப் பட்டியலின் முதல் பதிப்பு வந்தது. அதில் தமிழ் எழுத்துகளுக்கும் இடம் கிடைத்தது. 2008-இல் வந்த பைத்தான் 3, மாறிகளுக்குத் தமிழில் பெயர் வைக்க இடம் கொடுத்தது. கட்டளைச் சொற்கள் மட்டும் ஆங்கிலம். முத்து அண்ணாமலை என்ற தமிழ்ப் பொறியாளர் கட்டளைச் சொற்களையும் தமிழாக்கி ஒரு நிரல் மொழியே படைத்தார். எழில் என்பது அதன் பெயர். 2009-இல் அதைப் பற்றிக் கட்டுரை வெளியிட்டார். அதன் மூல நிரலை எவரும் எடுத்துப் பார்க்கலாம்.

எழிலில் சொற்களை மட்டும் மாற்றவில்லை, சொல் வரிசையும் தமிழ்தான். ஆங்கில நிரல்களில் நிபந்தனைச் சொல் முன்னால் வந்து நிற்கும். நாமோ மழை பெய்தால் என்கிறோம். அந்த 'ஆல்' கடைசியில்தானே வருகிறது? எழிலிலும் நிபந்தனையை அடைப்புக்குறிக்குள் முதலில் எழுதி, அதற்குப் பிறகுதான் 'ஆனால்' என்ற சொல்லைப் போட வேண்டும். மாறாக நடந்தால் என்ன செய்வது என்பதற்கு 'இல்லை'. கடைசியில் 'முடி'. திரையில் காட்டுவதற்குப் 'பதிப்பி'. மழை பெய்தால் பால்வெட்டு இல்லை என்பது நம் பாட்டன் பாட்டி காலத்திலிருந்து தோட்டத்தில் எல்லோருக்கும் மனப்பாடமான நிபந்தனை. மழை என்று ஒரு மாறிக்குப் பெயர் வைத்து, அடைப்புக்குறிக்குள் அதன் மதிப்பு ஒன்றா என்று கேட்டு, ஆனால் போட்டு, வெட்டு இல்லை என்று பதிப்பிக்கச் சொல்லி, இல்லை போட்டு, பிரட்டுக்கு வரவும் என்று பதிப்பிக்கச் சொல்லி, முடி என்று முடித்தால், ஆறே வரியில் ஒரு நிரல். ஓட்டிப் பாருங்கள், மழையின் மதிப்பு ஒன்றாக இருக்கும்வரை வெட்டு இல்லை என்றே திரை காட்டும்.